படத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்

ஜனவரி 11

தம்பிக்கு,

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் பண்ணாதே என்று சொன்னது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். உன் குரலைக் கேட்டால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால் எதுவானாலும் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் படம் வரைவேன் என்பது உனக்குத் தெரியும். "அக்கா ஏதோ கிறுக்குறா" என்று வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே, அதுதான். கம்பெனியில் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டையைப் புரட்டிப் புரட்டித் தையல் பிசகு தேடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணுக்கு வேறு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். இப்போது ஒன்று வரைந்து முடித்திருக்கிறேன். அம்மாவை வைத்திருந்த இந்த ஊர் ஆஸ்பத்திரி வார்டு. ஜன்னல், கட்டிலில் அம்மா, பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

அதை நம் ஊர் ஓவியக் கூடத்தில் மாட்ட வேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்கு வரைகிற உள்ளூர்க்காரர்களின் படங்களை வருடா வருடம் இரண்டு மாதம் வைப்பார்களே, அதில். அம்மா அந்தக் கூடத்து வாசலில் பத்தொன்பது வருடம் பை வாங்கி டோக்கன் கொடுத்தாள். உள்ளே போய் ஒரு படத்தைக்கூட நின்று பார்த்ததில்லை, கவுண்டரை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு தடவையாவது அவளை உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று இருக்கிறது.

ஆனால் நகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள்தான் படம் கொடுக்கலாமாம். நான் கல்யாணமாகி இங்கே வந்து பதினாறு வருடம். உனக்கு அங்கே வீடு இருக்கிறது. உன் பெயரில் கொடு. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, படம் சுவரில் ஏறினால் போதும். பாரத்தையும் சேர்த்து மாமா பார்சலில் அனுப்பியிருக்கிறார். பிரிக்கும்போது கத்தியால் கீறித் தொலைக்காதே.

இந்த ஒன்றையாவது செய்.

அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பரீட்சை பேப்பர் கைக்கு வந்த மாதிரி இருந்தது. "இந்த ஒன்றையாவது" என்று கடைசியில் ஓர் அறை விட்டிருக்கிறாய். சரி, வாங்கிக்கொண்டேன்.

படம் பத்திரமாக வந்தது. கத்தியே எடுக்கவில்லை, நகத்தால்தான் பிரித்தேன். நன்றாக இருக்கிறது அக்கா. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனேன். பொறுப்பாளர் ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். படத்தை மேஜையில் சாய்த்துவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "நீங்க வரைஞ்சதா?" என்றார். "ம்" என்றேன். "என்ன வேலை பண்றீங்க?" "லிஃப்ட் மெக்கானிக்குங்க." உடனே என் கையைப் பார்த்தார். நகத்திலெல்லாம் கிரீஸ். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

இருநூற்றுச் சொச்சம் படம் வந்ததாம். அறுபதுதான் எடுத்தார்களாம். நம்முடையதை எடுத்துவிட்டார்கள்! உன்னுடையதை என்று சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல். பாரத்தின் பின்பக்கம் ஆறாவது விதி என்று ஒன்று இருக்கிறது. வரைந்தவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, பார்க்க வருகிறவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்குக் கயிறு தெரியும், மோட்டார் தெரியும். படத்தைப் பற்றிக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்வேன்? இப்போதே வாபஸ் வாங்கிவிடட்டுமா? நீ சொல்கிறபடி.

உன் மருமகள் "அத்தை எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தம்பி


பிப்ரவரி 1

தம்பிக்கு,

வாபஸ் வாங்காதே. நில்.

யாராவது கேட்டால் "படத்தைப் பாருங்க" என்று சொல். அதற்கு மேல் கேட்டால் "தெரியல" என்று சொல். பொய் சொல்லவும் வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது உனக்குக் கஷ்டம்தான், இருந்தாலும் இரு.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நிற்க உனக்குக் கசக்கிறதா? நான் நாற்பத்தோரு நாள் உட்கார்ந்திருந்தேன்.

மருமகளிடம் அத்தை விசாரித்ததாகச் சொல். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

இரண்டு ஞாயிறு நின்றுவிட்டேன். கதையாகச் சொல்கிறேன் கேள்.

முதலில் அந்தக் கூடத்தைச் சொல்ல வேண்டும். நாம் சின்ன வயதில் அம்மாவுக்காக வாசலில் காத்துக்கிடந்தோமே தவிர, உள்ளே இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உயரமான வெள்ளைச் சுவர், மேலே கண்ணாடிக் கூரை, நடந்தால் சத்தம் கேட்கிற மரத்தரை. எனக்கு இந்தப் பக்கம் ஒரு பல் டாக்டர். ஐந்து குதிரை வரைந்திருக்கிறார். ஐந்தும் வாயைத் திறந்துகொண்டு ஓடுகின்றன, ஒவ்வொரு பல்லும் அச்சாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு பஸ் டிரைவர். தன்னுடைய பஸ்ஸையே ஏழு தடவை வரைந்திருக்கிறார். "ஏன் சார் ஒரு பஸ்ஸுலயும் ஆளே இல்ல?" என்று கேட்டேன். "ஆளு ஏறினா என் பஸ்ஸு கெட்டுப்போயிருதுங்க" என்றார் சீரியஸாக. எதிரே ஒரு பேங்க்கார அம்மாவின் பதினான்கு பூனைகள். எல்லாவற்றுக்கும் மேனேஜர் முகம். எல்லோரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நிற்கிறோம்.

முதல் ஞாயிறு நீ சொன்னபடியே "படத்தைப் பாருங்க", "தெரியல" என்றே ஓட்டினேன். ஒரு ரிட்டையர்டு வாத்தியார் விடவில்லை. "ஏன்யா, கட்டில் இவ்ளோ பெருசா, நீ தரையில உக்காந்து பாத்த மாதிரி இருக்கே, ஏன்?" என்றார். "தெரியல சார்" என்றேன். "வரைஞ்சவனுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது.

இரண்டாவது ஞாயிறு ஒரு பெண் வந்தாள். நம் வயதுதான் இருக்கும். படத்தின் முன்னால் நின்று அழுதாள். அவளுடைய அப்பா போன மாதம்தான் போனாராம். "இந்தச் சேர்ல இருந்தவங்க மருந்து வாங்கப் போயிருக்காங்களா?" என்று கேட்டாள். அழுகிறவளிடம் போய்த் தெரியல என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா குடுத்துவெச்சவங்க" என்றாள்.

அக்கா, இந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். பல் டாக்டர் முறைக்கிறார்.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

பூனையும் பஸ்ஸும் இருக்கட்டும். அம்மாவை யார் குடுத்துவைத்தவள் என்றது, எதற்காக என்றது?

தலையை ஆட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் வேறு யாராவது கேட்டார்களா? நாற்காலி யாருடையது என்று கேட்டதற்கு என்ன சொன்னாய்? ஒரே வரியில் எழுது. கதை வேண்டாம்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

ஒரே வரியில் எழுது என்றால் எப்படி? அங்கே நிற்பவனுக்குத்தான் தெரியும். ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள், ஏதோ ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீயாக இருந்தாலும் அப்படித்தான்.

நல்ல செய்தி சொல்கிறேன். வருகிறவர்கள் பிடித்த படத்துக்கு ஓட்டுச்சீட்டு போடுகிறார்கள். நம்முடையதுதான் முதலில் ஓடுகிறதாம். எங்கள் கம்பெனி மேனேஜரே குடும்பத்தோடு வந்துவிட்டார்! இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனுஷன் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். என் பெண்டாட்டி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். மகள் அவள் கிளாஸ் டீச்சரையே கூட்டிவந்துவிட்டாள், "எங்க அப்பா வரைஞ்சது" என்று.

கண்ணாடிச் சங்கிலி அம்மாள் கேட்கிறார், இந்தப் படத்தைக் கூடத்திலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று. பக்கத்தில் வைக்க இன்னொன்று இருந்தால் தேவலையாம். அக்கா, கோபித்துக்கொள்ளாதே. சின்னதாக ஒன்று வரைந்து அனுப்ப முடியுமா? ஜன்னல் மட்டும் இருந்தால்கூடப் போதும்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

ஜன்னல் மட்டும் போதுமா? கதவு வேண்டாமா?

நான் வந்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து, வாசல் கவுண்டரில் பையைக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. உன்னைச் சுற்றி இருபது பேர். நான் பூனைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

முதலில் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். உன் பெயர். அதன் கீழே லிஃப்ட் மெக்கானிக். அதன் கீழே "தாயின் கடைசி நாட்களில் அருகிலேயே இருந்து வரைந்தது." இதைக் கூடத்துக்காரர்கள் தாங்களாக எழுதியிருக்க மாட்டார்கள். யாரோ சொல்லித்தானே எழுதியிருப்பார்கள்?

அப்புறம் உன் பேச்சைக் கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டாய். "நாப்பத்தோரு நாளுங்க. இந்தச் சேர்தான் எனக்கு வீடு. அம்மா கண்ணு முழிச்சா முதல்ல என் முகத்தைத்தான் பாக்கணும்னு நகரவே மாட்டேன்" என்றாய். நாற்பத்தோரு நாள்! அந்தக் கணக்குக்கூட என் கடிதத்தில் பார்த்து நீ தெரிந்துகொண்டது. அதற்கு முன்னால் எத்தனை நாள் என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பாயா? படத்தை உன் பெயரில் கொடு என்று சொன்னேன். நான் உட்கார்ந்த நாளையெல்லாம் உன் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னேனா?

ஒரு வயசான அம்மா உன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நடிக்கிறாய் என்று நினைத்து உற்றுப் பார்த்தேன். எனக்குப் பிசகு கண்டுபிடிக்கத் தெரியும், அதுதான் என் வேலை. நீ நிஜமாகவே அழுதாய். அதைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

நீ தண்ணீர் குடிக்கப் போனபோது கிட்டே போய்ப் பார்த்தேன். படம் இடது பக்கம் ஒரு நூல் சரிந்திருந்தது. நேராக்கலாம் என்று கை வைத்தேன். காவலாளி ஓடிவந்து, "தொடாதீங்கம்மா, அது அந்த ஐயாவோட படம்" என்றார். கையை எடுத்துவிட்டேன்.

இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் அந்த அம்மாளிடம் போய் உண்மையைச் சொல். வரைந்தது யார் என்பதுகூட அப்புறம். உட்கார்ந்தது யார் என்று சொல்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

வந்திருக்கிறாய். இருபதடி தூரத்தில் நின்றிருக்கிறாய். "டேய்" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நான் திரும்பிப் பார்த்திருப்பேன். ஒளிந்து நின்று வேவு பார்த்துவிட்டு ரயிலேறிப் போய்க் கடிதம் போடுகிறாய். நான் உன் கம்பெனிச் சட்டையா, புரட்டிப் பார்த்துச் சீட்டு ஒட்ட?

உண்மையைச் சொல் என்கிறாய். சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? வேறு ஒருவர் வரைந்ததைத் தன் பெயரில் கொடுத்தால் அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். அதுவும் அதே பாரத்தில்தான் இருக்கிறது. அம்மா மறுபடியும் வாசலுக்கு வெளியே. அதுதான் வேண்டுமா உனக்கு? "பெயர் யாருடையதாக இருந்தால் என்ன" என்று எழுதியது யார்? கடிதத்தை வைத்திருக்கிறேன், வேண்டுமானால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

என் பக்கத்தையும் கொஞ்சம் பார். லிஃப்ட் ஓடுகிறவரைக்கும் என்னை யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் "எங்கய்யா அவன்?" என்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வேலை கெட்டுப்போகாமலே நாலு பேர் என்னைத் தேடி வருகிறார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறாள். பதினான்கு வயதில் எந்தப் பெண் அப்பா கையைப் பிடிக்கிறாள், சொல்? அவளிடம் போய் உங்க அப்பா ஏமாத்துக்காரன் என்று நானே சொல்லட்டுமா?

நீதான் அம்மாவிடம் நாற்பத்தோரு நாள் இருந்தாயே. அது உனக்குப் போதாதா? ஊருக்கும் தெரிய வேண்டுமா?

தம்பி


மார்ச் 23

போதாது.

அந்த நாற்காலியைப் பற்றி இத்தனை பேரிடம் பேசினாயே, அது என்னவென்று என்னிடம் கேட்டாயா? நான் சொல்கிறேன்.

அந்த வார்டில் கட்டிலுக்கு ஒரு நாற்காலிதான். முதல் வாரம் நான்தான் அதில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அம்மா விடவில்லை. "எழுந்திரு, அது அவன் இடம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து குளியலறை பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். உன் வாத்தியார் கேட்டாரே, ஏன் தரையிலிருந்து பார்த்த மாதிரி இருக்கிறது என்று. பக்கெட் உயரம் அவ்வளவுதான். இப்போதும் குனிந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க அவருடைய மகள் வருவாள், எட்டு மாதக் கர்ப்பிணி. "பாட்டி, சேர் சும்மாதானே இருக்கு, கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "என் பையன் வருவான்" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக்குறுகிப் போனேன். நம் அம்மா ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நிற்கவைத்தாள், உனக்காக.

அதைத்தான் வரைந்தேன். அந்தப் படத்தில் இருப்பது அம்மா இல்லை, நீ வராதது. நேரில் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வண்ணத்தில் திட்டினேன். நீ அதன் கீழே உன் பெயரைப் போட்டுக்கொண்டு கைகுலுக்கிக்கொண்டிருக்கிறாய். வெட்கமாயில்லை?

இருபதாம் தேதி தாண்டிவிட்டது. நானே அந்த அம்மாளுக்கு எழுதிவிட்டேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவன் அதை எப்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வரைந்தான் என்று கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். படத்தை இறக்கினால் இறக்கட்டும். குப்பையில் போட்டாலும் சரி.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார்கள். உன் கடிதம் மேஜைமேல் இருந்தது. கண்ணாடிச் சங்கிலி அம்மாள் நாசூக்காகத்தான் கேட்டார். "உங்க அக்கா எழுதியிருக்காங்க. எனக்குச் சங்கடமா இருக்கு. நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். "எங்க அக்காவுக்கு அம்மா போனதிலேர்ந்து மனசு சரியில்லைங்க. நான் பண்ணதெல்லாம் தான் பண்ணதா நினைச்சுக்கும். பாவம்ங்க" என்றேன்.

நம்பிவிட்டார். "நல்லா பாத்துக்கோங்க" என்று உன் கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவது?

நாற்காலி என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? பார்சலைப் பிரித்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. காகிதத்தை விலக்கியதும் முதலில் தெரிந்ததே அதுதான். இருட்டுகிறவரைக்கும் அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து லைட்டைப் போட்டாள். நீ எனக்கு அனுப்பியது படம் இல்லை அக்கா, தீர்ப்பு.

அதையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஏனென்றால் நீ கேட்டாய். ஆறாவது விதியைப் படிக்காமலா பாரத்தை அனுப்பினாய்? அரை அங்குலத் தையல் விட்டிருந்தால் கண்டுபிடிக்கிறவள் நீ. படித்திருக்கிறாய். என்னை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் எட்டு ஞாயிறு நிற்கவைக்க வேண்டும், வருகிறவன் போகிறவன் எல்லாம் "இது யாரு சேர்?" என்று என்னைக் கேட்க வேண்டும். அதுதானே உன் திட்டம்? கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பெத்த தாயைப் பாக்க வராத நாயோட சேருங்க" என்றா?

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு தடவை ரயிலேறினேன். ஒரு தடவை மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். இன்னொரு தடவை பாதி தூரம் வந்தேன். கட்டிடத்தில் வேலை, லீவு இல்லை என்று சொன்னதெல்லாம் பொய். அம்மாவை அந்த நிலையில் பார்க்கப் பயம். அதைவிட உன் முகத்தைப் பார்க்கப் பயம். நாள் ஆக ஆக, இத்தனை நாள் வராதவன் இன்றைக்கு எதற்கு வந்தான் என்று நீ பார்க்கிற பார்வை கண்ணிலேயே நின்றது.

அந்தக் கூடத்தில் பேசும்போது மட்டும்தான் அக்கா நான் வந்தேன். சொல்லச் சொல்ல அந்த வார்டே எனக்குத் தெரிந்தது. அதற்குத்தான் அழுதேன்.

படம் நிரந்தரமாக வைக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நான் போய் நிற்க வேண்டும். நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

தம்பி


ஏப்ரல் 10

ஆறாவது விதியைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

எனக்கு மனசு சரியில்லை என்று சொன்னதைப் படித்ததும், ரயிலேறி வந்து அந்தக் கூடத்திலேயே உன் சட்டையைப் பிடிக்கலாம் என்று கிளம்பினேன். மாமா தடுத்தும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். போய் என்ன சொல்வேன்? அவன் ஒரு நாள்கூட வரவில்லை என்று சொல்ல வேண்டும். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமே சொல்லவில்லை.

முதல் வாரம் முழுக்க அவள் கண் விழித்தால் ஒரே கேள்விதான், "வந்தானா?" "வருவாம்மா" என்பேன். எட்டாம் நாள் அவள் கேட்கவில்லை. கேட்காமல் கதவைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. "நீ தூங்கும்போது வந்துட்டுப் போனாம்மா. இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தான். எழுப்ப வேணாம்னுட்டான்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் எப்படி ஆயிற்று என்று உனக்கு எழுத மாட்டேன். அதை நான் உனக்குத் தருவதாயில்லை. அன்றைக்குத்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள்.

அப்புறம் தினமும் நீ வந்தாய். அவள் தூங்கும்போது வருவாய், எழுந்திருப்பதற்குள் போய்விடுவாய். ஒரு நாள் கண் விழித்தவள் கையை நீட்டி நாற்காலியைத் தடவிப் பார்த்தாள். "இப்பத்தான் எழுந்து போனான்னே, சில்லுனு இருக்கே?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளிலிருந்து, அவள் விழிக்கிற நேரம் பார்த்து நான் அந்த நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். அவள் இமை அசைந்ததும் எழுந்து பக்கெட்டுக்குப் போய்விடுவேன். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசி நாள் காலையும் தடவிப் பார்த்தாள். "சூடா இருக்கு. இப்பத்தான் போயிருக்கான்" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

அதனால் இன்று காலை அந்த அம்மாளுக்கு இரண்டாவது கடிதம் போட்டுவிட்டேன். முதல் கடிதத்தில் எழுதியதெல்லாம் தப்பு, எனக்கு உடம்பு சரியில்லை, நாற்காலியில் இருந்தது என் தம்பிதான் என்று எழுதிவிட்டேன். உனக்காக இல்லை. உன் மூஞ்சிக்காக நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

இனி எனக்குக் கடிதம் போடாதே. பிரிக்காமலே அடுப்பில் போடுவேன். மருமகள் படிக்கிற பெண், அவள் கேட்டால் அத்தைக்கு வேலை அதிகம் என்று சொல். முதல் ஞாயிற்றுக்கிழமை போ. இஸ்திரி போட்ட சட்டையோடு நில். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல். அம்மாவிடம் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.